மதாமுக்கு ப்ரோக்கர் பார்த்த கதை

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் விட்டுவந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"அக்கா, ஒரு கஸ்டமர் நாலு ஆன்லைன் ப்ரோக்கர் பேரக் குடுத்து, எது நல்லதுன்னு கம்பேர் பண்ணிச் சொல்லச் சொல்றாரு. எப்டிக்கா செய்யறது?"

"அவரு யாருகிட்டேர்ந்து தப்பிக்கப் பாக்குறாருன்னு மொதல்ல கேளு" என்றேன்.

சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். விளையாட்டாகச் சொன்னேன் என்று நினைத்திருப்பாள். எனக்குள் அன்று முழுக்க ஒரு பழைய பொறாமை எழுந்து உலாத்திக்கொண்டிருந்தது. அதை உட்கார வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பங்குத் தரகு அலுவலகத்தில் நான் டீலராக இருந்தவள். வாடிக்கையாளர் போனில் சொல்லும் பங்கை, சொல்லும் விலையில், கணினியில் தட்டுகிறவளுக்கு அந்தப் பெயர். நாற்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றேன் என்றால் பேங்க்காரர்கள் சிரிப்பார்கள். என்ன செய்வது? வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அவரவர் வீட்டுக் கணினிக்குப் போனார்கள். ஹாலில் நாற்காலிகள் காலியாயின. பிறகு ஹாலே வேண்டாம் என்றார்கள். நான் எழுந்துகொண்டேன்.

அப்பா மில் தொழிலாளி. மில் மூடிக் கிடந்த காலத்தில் பி.காம். முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் வேகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடினேன். சென்னையில் சில வாரப் பயிற்சி, கணினியில் ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். எஃப் ஒன் அழுத்தினால் நீலச் சன்னல் திறக்கும், அது வாங்க. எஃப் டூ அழுத்தினால் சிவப்புச் சன்னல், அது விற்க. படிப்பு அவ்வளவுதான். மீதியெல்லாம் காது.

அந்தக் காதை எனக்குத் தீட்டிவிட்டவர் முதலாளி. மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஹால். சுவரில் பெரிய திரை, அதற்கு எதிரே வரிசை வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். ரிட்டயரான வாத்தியார்கள், மில் பணத்தை என்ன செய்வதென்று தெரியாதவர்கள், பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்குகிறவர்கள், அலுவலகத்தில் தலைகாட்டிவிட்டு வந்துவிடுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடும். விலை ஏறித் திரையில் பச்சை ஓடினால் டீ வரும். இறங்கிச் சிவப்பு ஓடினால் அவரவர் டீயை அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாளி சிறுவயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். திரையைப் பார்க்கவே மாட்டார். எங்களுக்குப் பின்னால், மடித்த கைக்குட்டையை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடியபடி நடப்பார். முன்பொரு டீலர் விற்கச் சொன்னதை வாங்கித் தொலைத்து, அந்த நஷ்டத்தை அவரே ஏற்றிருந்தார். அதிலிருந்து ஒரு விதி. வாடிக்கையாளர் சொன்னதைச் சொன்னபடியே, உரக்க, திருப்பிச் சொல்ல வேண்டும். பெயர், வாங்கலா விற்பனையா, எந்தப் பங்கு, எத்தனை, என்ன விலை. கடைசியில் "சரிங்களா?" மறுமுனையில் "சரி" வந்த பிறகுதான் என்டர். எங்கேயாவது அது விடுபட்டால் மேசையில் விரல் முட்டி விழும்.

"ரெப்பேத்தே!"

திருப்பிச் சொல் என்று பிரெஞ்சில் அதட்டுவார். நாளடைவில் அந்தச் சொல்லே எங்கள் வேலைக்குப் பெயராகிவிட்டது. "ரெப்பேத்தே ஆச்சா?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். என் குரல் கணீரென்று இருக்கும். கடைசி நாற்காலி வரைக்கும் போகும். முதலாளி என் பின்னால் நிற்கும்போது மட்டும் அந்த விரல் முட்டி சும்மா இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

மதாம் தெரேஸ் எனக்குக் குரலாகத்தான் கிடைத்தார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார். பிள்ளை பிரான்சில். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிய பெரிய வீட்டில், கணவருடைய தம்பி குடும்பத்தோடு இருந்தார். ஹாலுக்கு அவர் வந்ததே இல்லை. தினம் பதினொரு மணிவாக்கில் போன் வரும்.

"செல்வி, என்னம்மா, வெயில் எப்டி அங்க?"

திரையின் நிறத்தைத்தான் அப்படிக் கேட்பார். வெயில் என்றால் பச்சை. நான் சொல்வேன். பிறகு ஆர்டர். மதாம் விற்கும் விலை எப்போதும் முழு ரூபாய்க்கு ஐந்து பைசா குறைத்துத்தான் இருக்கும். "முழு ரூபாயில விக்கிறவன் நெறைய பேர் நிக்கிறாம்மா. நம்ம அஞ்சு பைசா விட்டுக்குடுத்தா மொதல்ல போயிடலாம்" என்பார். சொல்லி முடித்ததும் ஒரு நிறுத்தம் வரும். அலை பின்வாங்கியபின் மணல் நுரையைக் குடிக்கிற நேரம் இருக்கிறதே, அவ்வளவு. அவசரக்கார டீலர்கள் அதை முடிவென்று நினைத்துவிடுவார்கள். முடிவல்ல. அந்த நிறுத்தத்துக்குள் அவர் இன்னொரு தடவை யோசிக்கிறார். பாதி நாள் அதன் மறுகரையிலிருந்து "நோன், வேணாம்மா" என்று திரும்பி வருவார். அந்த நிறுத்தம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நம்பினேன்.

ஒருநாள் அவருடைய போன் தாமதமாக வர, நான் சாப்பிடப் போயிருந்ததால் அடுத்த மேசை குணா அதை எடுத்துவிட்டான். திறந்த டப்பாவோடு நின்று பார்க்கிறேன், அவன் சிரிக்கிறான், அந்தப் பக்கமும் சிரிப்பு கேட்கிறது. டப்பாவை மூடிப் பையில் போட்டேன். மறுநாளிலிருந்து என் மேசையிலேயே சாப்பிட ஆரம்பித்தேன்.

"இன்னா செல்வி, கிளையன்ட்ட பூட்டு போட்டு வெச்சிருக்க?" என்றான் குணா.

"ஆமா, சாவிய முழுங்கிட்டேன்" என்றேன்.

ப்ராட்பேண்ட் ஊருக்குள் வந்து சேர்ந்த சமயம். ஆன்லைன் ப்ரோக்கர்களின் விளம்பரம் எங்கு பார்த்தாலும். மதாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு அழைத்தார். கொழுந்தனார் குடும்பம் சர்ச்சில் இரண்டாம் பூசைக்குப் போயிருந்த நேரம். குரலாக இருந்தவர் நேரில் மிகச் சிறிய உருவம். நரைத்த முடியை இழுத்து முடிந்து, மூக்கின் நுனியில் கண்ணாடி. மாடி அறையில் மகன் வாங்கிக்கொடுத்த கணினி, மேலே துணி போர்த்தியிருந்தது.

"எனக்கு ஒரு ஆன்லைன் ப்ரோக்கர் பாத்துக் குடு, செல்வி."

பால் விடாத காபியை உறிஞ்சிக்கொண்டே, "மூணு பேர விசாரிச்சு வெச்சிருக்கேன். எது எனக்குப் பொருந்தும்னு நீதான் சொல்லணும்" என்றார்.

"என்னையே கேக்குறீங்களே மதாம்?"

"உன்ன வுட்டா இதுல எனக்கு யாரத் தெரியும்?"

என் சக்களத்தியை நானே பெண் பார்த்து முடித்துவைக்க வேண்டும்! சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சைக்கிளை மிதித்த மிதியில், என் வீடு இருந்த தவளக்குப்பம் வரைக்கும் மூச்சு வாங்க நிற்கவில்லை.

பார்த்தேன். மாலையில் சந்தை மூடியதும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மூன்று பேருடைய டெமோ பக்கங்களையும் திறந்து பார்த்தேன். வாடிக்கையாளர் மாதிரி போன் செய்தேன். விண்ணப்பங்களை வரவழைத்துப் பொடி எழுத்தெல்லாம் படித்தேன். பொறாமைக்காரியைப் போல ஆடிட்டர் உலகத்தில் கிடையாது. ஒரு மரு தப்பவில்லை.

முதலாமவள் பேங்க் வீட்டுப் பெண். பேங்க் கணக்கு, பங்குக் கணக்கு, வாங்கி விற்கும் கணக்கு மூன்றும் அவள் வீட்டுக்குள்ளேயே. பணம் தானாக நடந்து போய்த் தானாக நடந்து வரும். அந்த வசதிக்குக் கமிஷன் அதிகம். இரண்டாமவள் மலிவு, மினுக்கி. கணினியில் ஒரு மென்பொருளையே இறக்கிக்கொள்ள வேண்டும், அதில் விலைகள் சீரியல் பல்பு மாதிரி மின்னும். அவள் கம்பெனியிலிருந்து ஒரு பையன் விசாரித்த அன்றே மூன்று தடவை கூப்பிட்டு, "மேடம், இன்னிக்கு ஒரு சூப்பர் கால் இருக்கு" என்று எதையோ வாங்கச் சொன்னான். மூன்றாமவள் அழுமூஞ்சி. சாம்பல் நிறப் பக்கம், மெதுவாகத் திறந்தது. கமிஷன் நடுத்தரம். உதவிக்குக் கூப்பிட்டால் ஒரு ஆள், "தெரியலீங்க, கேட்டுட்டு நானே கூப்புடுறேன்" என்றார். கூப்பிடவும் கூப்பிட்டார். அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மதாம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். தோள் குலுங்கியது.

"எம்மா, மூணு பேரையும் திட்டி வெச்சிருக்கியே! இதுல யாரம்மா நான் கட்டிக்கிறது?"

"யாரும் வேணாம் மதாம். எங்ககிட்ட என்ன கொற? சொல்லுங்க, சரி பண்ணிக்கறேன்."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். ஆளில்லாத வீட்டிலும் அவருக்குக் குரல் தணிந்தது.

"உன் வாய்தான்."

என் கை தானாக வாயைத் தொட்டது.

"நான் மெதுவாத்தான் சொல்றேன். நீ அத ஊருக்கே திருப்பிச் சொல்ற. மொத வரிசையில, ஃபேனுக்கு அடியில யாரு உக்காந்திருக்கா?"

அந்துவான் சார். மதாமின் கொழுந்தனார். இஸ்திரி போட்ட சட்டையோடு தினம் வந்து உட்கார்கிறவர். மதாம் வாங்கினால் வாங்குவார், விற்றால் விற்பார். மதாமின் பேரில் நான் ரெப்பேத்தே செய்யும்போது காதை இந்தப் பக்கம் திருப்புவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அண்ணி மேல் மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன்.

"போன தடவ கொஞ்சம் வித்தேன். பணம் பேங்க்குல வந்து சேரல, அதுக்குள்ள சாப்பாட்டு மேசையில, பெரிய பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும் அண்ணின்னு நிக்கிறாரு. அதுக்கு முந்தின தடவ கூரை ஒழுகுது. நான் வித்தா மட்டும் இந்த வீட்டுக் கூரை ஒழுகுது, செல்வி."

பிறகு விஷயத்தைச் சொன்னார். கருவடிக்குப்பத்தில் ஒரு சிறிய வீடு பார்த்திருக்கிறார். தரைத்தளம், இரண்டு அறை, பின்னால் ஒரு கொய்யா மரம். தன் பெயரில் வாங்கித் தனியாகப் போய் இருக்க வேண்டும். கணவர் வாங்கி வைத்த மருந்துக் கம்பெனிப் பங்கு முழுவதையும் விற்றால்தான் முடியும். விற்பது அந்துவான் காதில் விழுந்தால் அன்று மாலையே பிரான்சுக்குப் போன் போகும், சொந்தமெல்லாம் கூடும், குடும்ப கௌரவம் என்பார்கள், அழுவார்கள்.

"அழுதா நான் எளகிடுவேம்மா. எனக்குத் தெரியும். வித்து, வீட்ட முடிச்சு, சாவி கையில வந்தப்புறம் எல்லாரும் அழட்டும்."

என் குரலை நான் குரல் என்றுதான் நினைத்திருந்தேன். அது அந்த வீட்டுச் சுவரில் போட்ட ஓட்டை என்று அன்றுதான் தெரிந்தது. மனசு அடங்கியதா என்றால், இல்லை. மெதுவாகப் பேசச் சொன்னால் பேசியிருப்பேனே என்றுதான் அடித்துக்கொண்டது. ஆனால் முதலாளியின் ஹாலில் மெதுவான ரெப்பேத்தே கிடையாது. மதாமுக்கு மட்டும் நான் முணுமுணுத்தால், அதுவே முதல் வரிசைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, மூன்று பேரையும் புதிதாகப் பார்த்தேன். இந்தத் தடவை கேள்வி ஒன்றே. இவர்களில் வாயை மூடிக்கொண்டிருப்பவள் யார்?

பேங்க் வீட்டுப் பெண், வாங்கி விற்ற ரசீதைத் தபாலில் அனுப்புவாள். அந்த வீட்டில் தபாலை வாசலில் வாங்குவது அந்துவான் சாரின் குடும்பம். போயிற்று. மினுக்கியின் பையன் வீட்டு எண்ணுக்குத் தினம் கூப்பிடுவான். அந்தப் போன் கூடத்தில் இருக்கிறது, வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். போயிற்று. சாம்பல் நிறத்தவள் ரசீதை மின்னஞ்சலில் அனுப்புவாள். தானாக யாரையும் கூப்பிட மாட்டாள். ஆர்டரைத் தட்டியதும் அதை முழுதாக எழுதிக் காட்டி, உறுதிதானா என்று கேட்டுவிட்டு நிற்பாள். மற்ற இரண்டு பேரும் சிறிது நேரம் கை அசையவில்லை என்றால் கதவைச் சாத்தி வெளியே தள்ளிவிடுவார்கள். இவள் நின்றாள். நான் வேண்டுமென்றே எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் அதே பக்கத்தில், அதே கேள்வியோடு நின்றுகொண்டிருந்தாள்.

மதாமின் நிறுத்தத்துக்கு ஏற்றவள். எனக்கு மட்டும் தெரிந்ததாக நான் நினைத்திருந்ததை, முகமே இல்லாத ஒரு பக்கம் சும்மா நின்று செய்துகாட்டுகிறது. அந்தப் பக்கத்தைப் படக்கென்று மூடினேன்.

"மூணாவதுதான் மதாம்" என்று சொன்னேன்.

"நல்லா பாத்தியா?"

"உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றேன்.

பங்குகள் எங்கள் அலுவலகக் கணக்கில் இருந்தன. அவற்றைப் புதிய இடத்துக்கு மாற்ற மதாம் கையெழுத்திட்ட சீட்டு எங்களிடம்தான் வர வேண்டும். அதைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு நேராக முதலாளியின் கண்ணாடி அறைக்குள் போனேன். ஹாலில் அந்துவான் சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். முதலாளி சீட்டை வாங்கினார். பங்கின் பெயரைப் படித்தார், கையெழுத்தைப் படித்தார். கண்ணாடி வழியே முதல் வரிசையை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் கண்ணை முழுதாகத் திறந்து ஹாலைப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

மேசையில் விரல் முட்டி விழவில்லை. உரக்கப் படிக்கச் சொல்லவும் இல்லை. முத்திரையைத் தானே எடுத்து, சத்தம் வராமல் அழுத்திக் குத்தினார்.

"எடம் யாரு பாத்தது?"

"நான்தான், முதலாளி."

போவது அவருக்கும் பெரிய வாடிக்கை.

"நல்ல எடமா?"

"நல்ல எடந்தான்."

"அப்ப சரி" என்று கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் மதாமின் போன் வரவில்லை. பதினொரு மணி வரும், போகும். குணா டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "இன்னா, சாவி ஜீரணம் ஆயிடுச்சா?" என்றான். அவருடைய நிறுத்தம் இப்போது யார் முன்னால் நடக்கிறது? அவள் காத்திருக்கிறாளா? காத்திருக்கட்டும். "வெயில் எப்டி"ன்னு அவளைக் கேட்க முடியுமா? முடியாது. அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

ஒரு நாள் காலை, சந்தை சூடு பிடித்திருந்த நேரம், அந்துவான் சார் என் மேசைக்கு வந்து குனிந்தார்.

"அந்த மருந்துக் கம்பெனி இன்னா போவுது, போடு."

அண்ணி வைத்திருக்கிறார் என்று அவரும் அதில் கொஞ்சம் வைத்திருந்தார். பெயரைத் தட்டினேன். இடப்பக்கம் வாங்க நிற்பவர்கள், வலப்பக்கம் விற்க நிற்பவர்கள், விலையும் எண்ணிக்கையுமாக. அதிகம் கைமாறாத பங்கு. சின்னச் சின்ன எண்கள்தான் நின்றன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கத்தின் உச்சியில் ஒரு பெரிய எண் வந்து உட்கார்ந்தது. முழு ரூபாய்க்கு ஐந்து பைசா குறைத்து.

சீட்டில் பார்த்த அதே எண்ணிக்கை.

"எவனோ மொத்தமா தள்றாம்பா" என்றார் அந்துவான் சார். "பைத்தியக்காரன். இன்னும் ஏறும் இது."

"இருக்கும் சார்."

"நாமளும் வித்துடலாமா?"

"உங்க இஷ்டம் சார்."

தாடையைத் தடவினார். "ச்ச. அண்ணி விக்கல இல்ல? அவங்க வித்தா பாப்போம்."

"அவங்க எங்ககிட்ட எதுவும் விக்கலீங்க" என்றேன். ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

அந்த எண் குறைய ஆரம்பித்தது. யார் யாரோ வந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் போனார்கள். அவர் என் தோளுக்கு மேல் குனிந்து நிற்க, எனக்குப் பின்னால் முதலாளி கண்ணை மூடியபடி நடந்துபோக, என் உதடுகள் தாமாக அசைந்தன. மதாம் தெரேஸ், விற்பனை, மருந்துக் கம்பெனி, இத்தனை, இந்த விலை. சத்தமில்லாமல் நான் செய்த ஒரே ரெப்பேத்தே அதுதான். முடிக்கையில் வலப்பக்கத்தில் அந்த எண் இல்லை. "சரிங்களா" என்பது மட்டும் உதட்டிலேயே தங்கிவிட்டது. அந்தச் "சரி"யை மதாம் ஏற்கெனவே வேறொருத்தியிடம் சொல்லிவிட்டிருந்தார்.

கருவடிக்குப்பத்து வீட்டின் சாவி கைக்கு வந்த பிறகு எல்லாரும் அழுதார்கள். அந்துவான் சார் என்னிடம் வந்து, "உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று குரலை உயர்த்தினார். முதலாளி கண்ணைத் திறக்காமலே, "இது டீலருங்க பேசுற எடம், அந்துவான். வீட்டுச் சண்ட போடுற எடம் வெளிய" என்றார். ஆனால் நான் வைத்துக்கொண்டிருப்பது அதையெல்லாம் அல்ல. விற்பனை நடந்த அன்றே, அந்துவான் சார் ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வந்த ஒரு போனை.

மணி பதினொன்று. என் மேசைப் போன்.

"செல்வி."

என் முதுகு நிமிர்ந்தது. மதாம். மூச்சு மட்டும் கேட்டது. அதே நிறுத்தம், அலை போன பிறகு மணல். நான் காத்திருந்தேன். அதில் என்னை மிஞ்ச எவளும் கிடையாது.

"இங்க நல்ல வெயில், செல்வி" என்றார்.

ஹால் கேட்கட்டும் என்று, கடைசி நாற்காலி வரைக்கும் போகிற குரலில் சொன்னேன்.

"மதாம் தெரேஸ், நல்ல வெயில். சரிங்களா?"

"சரி" என்றார்.

முதல் வரிசையில் ஒரு காது திரும்பியது. "யாரு, அண்ணியா? இன்னா வாங்குறாங்க?"

"ஒண்ணுமில்ல சார். வெயில்னு சொன்னாங்க."

"அவங்களுக்கு வேற வேல இல்ல" என்று அந்துவான் சார் திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நான் போனை வைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன்.